ரூ.4,999-க்கு வெப்சைட் ரெடி... அடுத்த வருஷ பில் எவ்வளவு? கடைக்காரர்கள் கேட்க மறக்கும் கேள்விகள்

"வெறும் 4,999 ரூபாய்க்கு உங்க கடைக்கு வெப்சைட். மூணே நாள்ல ரெடி!" - செல்போனைத் திறந்தால் இப்படி ஒரு விளம்பரமாவது கண்ணில் படாமல் போகாது. ஜவுளிக்கடை, மசாலா கம்பெனி, டியூஷன் சென்டர், டிராவல்ஸ் என எல்லா சிறு வியாபாரிகளையும் குறிவைத்து இந்த விளம்பரங்கள் வருகின்றன.

விலை கம்மிதானே என்று பணம் கட்டியவர்களுக்கு முதல் வருஷம் எந்தச் சிக்கலும் தெரிவதில்லை. இரண்டாவது வருஷம்தான் போன் வரும். "சார், ரெனிவல் பண்ணணும்." டொமைனுக்கு ஒரு தொகை, ஹோஸ்டிங்குக்கு ஒரு தொகை, மெயிலுக்கு ஒரு தொகை, பராமரிப்புக்குத் தனி. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் முதலில் கட்டியதைவிட பில் பெரிதாக இருக்கும்.

இது ஏமாற்று வேலையா? எல்லா இடத்திலும் அப்படிச் சொல்லிவிட முடியாது. வெப்சைட்டை கடையின் போர்டு மாதிரி நினைப்பதால்தான் பாதிக் குழப்பம். போர்டுக்கு ஒருமுறை காசு கொடுத்தால் போதும். வெப்சைட்டோ வாடகைக் கடை மாதிரி. வாடகை, கரண்ட் பில், பூட்டு, காவல், கடையில் உட்கார ஒரு ஆள் என மாதாமாதம் செலவு இருந்துகொண்டே இருக்கும்.

அந்தச் செலவுகள் என்னென்ன? எதில் மிச்சம் பிடிக்கலாம்? எதில் கை வைக்கவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

4,999 ரூபாயில் என்னதான் கிடைக்கிறது?

ஒரு வெப்சைட்டுக்கு அடிப்படையாக மூன்று விஷயங்கள் வேண்டும். முதலாவது, டொமைன் எனப்படும் பெயர். வாடிக்கையாளர் டைப் செய்யும் முகவரி இதுதான். இரண்டாவது, ஹோஸ்டிங். வெப்சைட்டின் படங்களும் தகவல்களும் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு இடம். மூன்றாவது, டிசைன். பக்கங்களை உருவாக்கும் வேலை.

இதில் டிசைனுக்கு மட்டும்தான் ஒருமுறை பணம். பெயரும் இடமும் வருஷக் கணக்கில் எடுக்கும் வாடகை. குறைந்த விலை பேக்கேஜில் பெரும்பாலும் ரெடிமேட் டெம்ப்ளேட் ஒன்றில் கடையின் பெயரையும் படத்தையும் மாற்றிக் கொடுப்பார்கள். பெயருக்கும் இடத்துக்குமான முதல் வருஷக் கட்டணம் சலுகை விலையில் உள்ளே அடங்கிவிடும்.

சலுகை முடிந்ததும் வழக்கமான விலை. அந்த விலை எவ்வளவு என்று முதல் நாளே கேட்பவர்கள் குறைவு. இதுதான் முதல் சறுக்கல்.

பெயரைச் சொந்தமாக வாங்க முடியாதா?

முடியாது. டொமைன் பெயரை யாரும் நிரந்தரமாக வாங்குவதில்லை. குறைந்தது ஒரு வருஷம், அதிகபட்சம் ஒரே தடவையில் 10 வருஷம் வரை பதிவு செய்யலாம். காலம் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும்.

டாட் காம் பெயர்கள் அனைத்தையும் நிர்வகிப்பது அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனம். பதிவு நிறுவனங்களிடம் அது வசூலிக்கும் மொத்த விலை 2021 வரை வருஷத்துக்கு 7.85 டாலராக இருந்தது. அதன்பிறகு தொடர்ந்து 4 வருஷம் ஏறி, 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. பதிவு நிறுவனங்கள் இதற்கு மேல் தங்கள் லாபத்தை வைத்து நமக்கு விற்கின்றன. டாலர் விலை ஏறினாலும் அது நம் தலையில்தான் விடியும்.

டாட் இன் பெயர்களை நிர்வகிப்பது நம் நாட்டின் நிக்ஸி அமைப்பு. உள்ளூர் வியாபாரத்துக்கு டாட் இன் போதுமானது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. "முதல் வருஷம் 99 ரூபாய்" என்று ஒரு டாட் காம் பெயர் விற்கப்பட்டால், அது மொத்த விலைக்கும் கீழே. அப்படின்னா, விற்கும் நிறுவனம் அந்த நஷ்டத்தை அடுத்த வருஷ ரெனிவலிலோ, கூடவே விற்கும் வேறு சேவையிலோ எடுத்துக்கொள்ளும். ஆகவே விலையை ஒப்பிடும்போது முதல் வருஷ விலையை விட்டுவிட்டு, ரெனிவல் விலையைத்தான் ஒப்பிட வேண்டும். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். பதிவு இல்லாத கடைக்காரருக்கு அதுவும் செலவுதான்.

உங்கள் கடையின் பெயர் யார் பெயரில் இருக்கிறது?

செலவுகளிலேயே பெரிய செலவு எந்த பில்லிலும் வராது. டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்ற கேள்வியில்தான் அது ஒளிந்திருக்கிறது.

வெப்சைட் செய்து கொடுக்கும் பலர், வேலை சுலபமாக முடியட்டும் என்று தங்கள் சொந்த கணக்கிலேயே வாடிக்கையாளரின் டொமைனையும் பதிவு செய்துவிடுகிறார்கள். பணம் கடைக்காரருடையது. பதிவேட்டில் உள்ள பெயர், மெயில், போன் நம்பர் எல்லாம் டெவலப்பருடையது. உறவு நன்றாக இருக்கும் வரை இது வெளியே தெரியாது.

அந்த டெவலப்பர் வேறு வேலைக்குப் போய்விட்டால்? போன் நம்பரை மாற்றிவிட்டால்? பில் தகராறு வந்தால்? கடையின் போர்டிலும் விசிட்டிங் கார்டிலும் பையிலும் அச்சடித்த முகவரி, கடைக்காரரின் கையில் இல்லாமல் போய்விடும். அதை மீட்க அவர் கேட்கும் தொகைதான் விலை.

பெயர் காலாவதியானால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. டாட் காம் பெயராக இருந்தால், தேதி முடிந்ததும் பதிவு நிறுவனத்தைப் பொறுத்து சில வாரங்கள் வரை வழக்கமான விலையில் புதுப்பிக்க அவகாசம் கிடைக்கலாம். அதைத் தவறவிட்டால் 30 நாள் மீட்புக் காலம். இதில் ரெனிவல் கட்டணத்தோடு பெரிய தொகை கூடுதலாகக் கட்ட வேண்டும். அதுவும் முடிந்தால் 5 நாள் கழித்து பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நல்ல பெயர்களுக்காகக் காத்திருந்து கொத்திக்கொண்டு போவதையே தொழிலாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

பெயரோடு போவது வெப்சைட் மட்டுமல்ல. அந்தப் பெயரில் இருக்கும் மெயில் முகவரிகளும் சேர்ந்து போகும். புதிதாக வாங்கியவர் அதே மெயில் முகவரியை உருவாக்கினால், வங்கியிலிருந்து வரும் தகவல், வாடிக்கையாளரின் ஆர்டர், பாஸ்வேர்டு மாற்றும் லிங்க் எல்லாம் அவருக்குப் போய்ச் சேர வாய்ப்பு உண்டு.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 1999 டிசம்பரில் மைக்ரோசாப்ட் தன் பாஸ்போர்ட் சேவையின் டொமைனைப் புதுப்பிக்கத் தவறியது. ஹாட்மெயில் பயன்படுத்திய பலர் உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு புரோகிராமர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டிப் புதுப்பித்த பிறகுதான் நிலைமை சீரானது. மைக்ரோசாப்டுக்கே 35 டாலர் மறந்துபோனது என்றால், மளிகைக் கடைக்காரருக்கு மறந்துபோவதில் ஆச்சரியம் இல்லை.

சட்டம் கைகொடுக்குமா? கொடுக்கும், ஆனால் அதற்கும் காசும் காலமும் ஆகும். 2004-ல் சத்யம் இன்ஃபோவே - சிஃபிநெட் வழக்கில், டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னம் போன்ற பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டாட் இன் பெயர்களுக்கு நிக்ஸியின் தகராறு தீர்வு நடைமுறையும் இருக்கிறது. ஆனால் வக்கீல் வீட்டுப் படி ஏறுவதைவிட, முதல் நாளே தன் பெயரில் பதிவு செய்வது எவ்வளவோ மலிவு.

செய்ய வேண்டியது சுலபம். பதிவு நிறுவனத்தில் கடைக்காரரின் மெயிலிலும் போன் நம்பரிலும் கணக்கு தொடங்கி, டெவலப்பருக்கு வேலைக்கான அனுமதியை மட்டும் கொடுக்கலாம். அந்த மெயில், அதே டொமைனில் இல்லாத வேறு ஒரு மெயிலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டொமைன் நின்றுபோகும் நாளில் ரெனிவல் நினைவூட்டலும் வந்து சேராது.

'அன்லிமிடெட்' ஹோஸ்டிங்... உண்மையிலேயே அளவில்லாததா?

குறைந்த விலை ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகள் இருக்கும். ஒரு காம்பவுண்டுக்குள் பல குடித்தனம் மாதிரி. பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் குறைவது போல, பக்கத்து வெப்சைட்டில் கூட்டம் வந்தால் நம் வெப்சைட் மெதுவாகும். தீபாவளி, ஆடித் தள்ளுபடி நேரத்தில்தான் இது வெளியே தெரியும். அப்போதுதான் ஆர்டர் வரும், அப்போதுதான் பக்கம் திறக்காது.

"அன்லிமிடெட்" என்று போட்டிருந்தாலும், நியாயமான பயன்பாடு என்ற ஒரு நிபந்தனை பெரும்பாலும் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். மாதம் இவ்வளவுதான் என்று விளம்பரத்தில் காட்டும் விலையும், 3 அல்லது 4 வருஷத்துக்கு மொத்தமாக முன்பணம் கட்டினால் மட்டும் கிடைக்கும் விலையாக இருக்கலாம்.

இதைவிட முக்கியமான கேள்வி பேக்கப். 2021 மார்ச் 10-ம் தேதி பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று தீயில் எரிந்து போனது. லட்சக்கணக்கான வெப்சைட்டுகள் முடங்கின. வேறு இடத்தில் நகல் வைத்திருந்தவர்கள் மீண்டு வந்தார்கள். வைக்காத சிலருக்கு தகவல்கள் திரும்பக் கிடைக்கவே இல்லை.

ஹோஸ்டிங் நிறுவனமே பேக்கப் எடுக்கிறது என்றால் நல்லது. ஆனால் அதே சர்வரில் நகல் இருந்தால், பீரோ சாவியை பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான். மாதம் ஒருமுறையாவது முழு நகலையும் இறக்கி, கடை கம்ப்யூட்டரிலோ ஹார்டு டிஸ்கிலோ வைப்பதற்குச் செலவு மிகக் குறைவு.

பூட்டுக்கு தனியாகப் பணம் கேட்டால்?

வெப்சைட் முகவரி பாதுகாப்பானது என்று காட்டுவது எஸ்எஸ்எல் சான்றிதழ். 2018 ஜூலை முதல், இது இல்லாத வெப்சைட்டுகளை கூகுள் குரோம் "பாதுகாப்பானது அல்ல" என்று முகவரிக்குப் பக்கத்திலேயே காட்டுகிறது. பணம் கட்ட வந்த வாடிக்கையாளர் அதைப் பார்த்தால் திரும்பிப் போய்விடுவார்.

நல்ல செய்தி என்னவென்றால், சாதாரண கடை வெப்சைட்டுக்கு இதற்குக் காசு கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு 2015 முதல் இலவசமாகவே இதை வழங்குகிறது. பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் அதைத் தானாகவே பொருத்தித் தருகின்றன. எஸ்எஸ்எல்லுக்கு என்று வருஷாவருஷம் ஆயிரக்கணக்கில் பில் வந்தால், "இலவசச் சான்றிதழ் ஏன் போதாது?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருக்கிறது. இந்தச் சான்றிதழ்களின் ஆயுள் படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. 2026 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 200 நாள், 2027 மார்ச் முதல் 100 நாள், 2029 மார்ச் முதல் வெறும் 47 நாள். கையால் புதுப்பிக்கும் முறை இனி கட்டுப்படியாகாது. தானாகப் புதுப்பிக்கும் வசதி இல்லாத ஹோஸ்டிங்கைத் தவிர்ப்பது நல்லது.

சாஃப்ட்வேர் இலவசம்தானே, அப்புறம் என்ன செலவு?

உலகின் வெப்சைட்டுகளில் 40 சதவீதத்துக்கும் மேல் வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளில் இயங்குகின்றன. கடை நடத்த உதவும் வூகாமர்ஸும் இலவசம்தான். ஆனால் கூரியர் இணைப்பு, பில் போடுவது, பார்ம், வேகம் கூட்டுவது என்று சேர்க்கும் பிளகின்களில் பல, வருஷச் சந்தா கேட்பவை.

அதைவிட பெரிய செலவு அப்டேட். பழைய பிளகின்களில் ஓட்டை இருப்பது தெரிந்ததும், அதைத் தேடி ஆட்டோமேட்டிக் புரோகிராம்கள் இணையம் முழுக்க வலம் வரும். "நம்ம சின்ன கடை வெப்சைட்டை யார் ஹேக் பண்ணப் போறாங்க?" என்ற நினைப்பு இங்கே எடுபடாது. அந்த புரோகிராம்களுக்குச் சின்னக் கடை, பெரிய கடை வித்தியாசம் கிடையாது. ஹேக் ஆன வெப்சைட்டில் சூதாட்ட விளம்பரம் ஓடும். கூகுள் எச்சரிக்கைப் பலகை போடும். சுத்தம் செய்ய ஆகும் செலவு பல நேரம் வருஷப் பராமரிப்புக் கட்டணத்தைத் தாண்டும்.

ஆகவே "ஏஎம்சி வேண்டாம், ஏதாவது ஆனா பார்த்துக்கலாம்" என்பது மிச்சம் இல்லை. அதே நேரம், ஏஎம்சி என்ற பெயரில் என்னென்ன செய்வார்கள் என்று எழுதி வாங்குவது முக்கியம். மாதம் எத்தனை முறை அப்டேட், பேக்கப் எங்கே, வெப்சைட் நின்றால் எத்தனை மணி நேரத்தில் சரியாகும், விலை மாற்றம், படம் மாற்றம் எத்தனை முறை இலவசம். இந்த நான்கும் இல்லாத ஏஎம்சி, போன் எடுப்பதற்கான கட்டணம் மட்டுமே.

ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு செலவு: ஒரு மாதிரிக் கணக்கு

இதுவரை பார்த்தது வருஷச் செலவு. ஆர்டர் வர வர கூடும் செலவு தனி. சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் ஒரு புடவை வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள தொகைகள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே. அவரவர் தொகையைப் போட்டுப் பார்க்கலாம். புடவைக்கான ஜிஎஸ்டியும் விளம்பரச் செலவும் இதில் சேர்க்கப்படவில்லை.

விற்கும் விலை 1,000 ரூபாய். அடக்க விலை 700 ரூபாய். கையில் நிற்பது 300 ரூபாய்.

பேமெண்ட் கேட்வே கட்டணம் பொதுவாக 2 சதவீதம், அதாவது 20 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3 ரூபாய் 60 காசு. டெலிவரி இலவசம் என்று சொன்னதால் கூரியர் 80 ரூபாய் வியாபாரியின் கணக்கில். பேக்கிங் 15 ரூபாய். மொத்தம் 118 ரூபாய் 60 காசு. மிச்சம் 181 ரூபாய் 40 காசு.

இப்போது கேஷ் ஆன் டெலிவரி. வாடிக்கையாளர் வீட்டில் இல்லை, அல்லது "வேணாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். போக 80, வர 80, பேக்கிங் 15. மொத்தம் 175 ரூபாய் நஷ்டம். ஒரு புடவை விற்ற லாபம், ஒரு புடவை திரும்பி வந்ததில் கிட்டத்தட்ட கரைந்துவிட்டது.

10 ஆர்டரில் 8 பேர் ஆன்லைனில் பணம் கட்டி வாங்குகிறார்கள், கேஷ் ஆன் டெலிவரி போட்ட 2 பேர் திருப்பி அனுப்புகிறார்கள் என்றால், 8 புடவை லாபம் 1,451 ரூபாய். 2 புடவை நஷ்டம் 350 ரூபாய். நிற்பது 1,101 ரூபாய். ஒரு ஆர்டருக்குச் சராசரி 110 ரூபாய்.

அடுத்து வருஷச் செலவு. டொமைன் 1,200, ஹோஸ்டிங் 6,000, பராமரிப்பு 12,000, போட்டோ எடுக்க 6,000, மெயிலுக்கும் கட்டண பிளகின்களுக்கும் 4,800. மொத்தம் 30,000 ரூபாய்.

இந்த 30,000 ரூபாயை எடுக்கவே வருஷத்துக்கு 273 ஆர்டர் வேண்டும். அதற்குப் பிறகு வரும் ஆர்டரில்தான் லாபம். புடவை ஒன்றுகூடத் திரும்பி வராமல் இருந்தால் 166 ஆர்டரிலேயே அந்தத் தொகை வந்துவிடும். ஆக, வெப்சைட் செலவைக் குறைக்க நினைப்பவர் ஹோஸ்டிங்கில் 500 ரூபாய் பேரம் பேசுவதைவிட, திரும்பி வரும் பார்சலைக் குறைப்பதில்தான் அதிகம் மிச்சம் பிடிக்கலாம். ஆர்டர் வந்ததும் ஒரு போன் போட்டு உறுதி செய்வது, முன்பணம் கட்டினால் சின்னத் தள்ளுபடி கொடுப்பது போன்றவை இதற்கு உதவும்.

யுபிஐ இலவசம் இல்லையா என்று கேட்கலாம். வங்கிக் கணக்கிலிருந்து போகும் யுபிஐ பரிவர்த்தனைகளுக்கு 2020 ஜனவரி முதல் வணிகர் கட்டணமான எம்டிஆர் இல்லை. ஆனால் வெப்சைட்டில் ஆர்டரையும் பணத்தையும் தானாக இணைத்துக் கொடுப்பதற்காக, கேட்வே நிறுவனங்கள் தனியாக சேவைக் கட்டணம் வாங்கலாம். ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும்.

கூரியரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எடை குறைவாக இருந்தாலும் பெட்டி பெரிதாக இருந்தால், பெட்டியின் அளவை வைத்து எடை கணக்கிடுவார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பரவலான முறை. 30 சென்டிமீட்டர் பக்கம் கொண்ட ஒரு சதுரப் பெட்டிக்குள் அரை கிலோ முறுக்கு இருந்தாலும், கூரியர் கணக்கில் அது 5.4 கிலோ. முறுக்கு, அப்பளம், பொம்மை விற்பவர்களுக்கு இந்த இடத்தில்தான் அடி விழும்.

சட்டம் கேட்கும் செலவு

கடையில் விற்கும்போது பொருந்தாத சில விதிகள், வெப்சைட் தொடங்கியதும் பொருந்தும்.

முதலில் ஜிஎஸ்டி. தமிழ்நாட்டில் பொருள் விற்பவர்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். ஆனால் வேறு மாநிலத்துக்கு வரிக்குரிய பொருளை விற்றால், விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு தேவை என்பதே பொதுவான விதி. சில கைவினைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு. வெப்சைட்டைப் பார்த்து பெங்களூருவிலிருந்து வரும் முதல் ஆர்டரே, ஆடிட்டர் கட்டணம், ரிட்டர்ன் தாக்கல் என்று புதுச் செலவைக் கூட்டி வரலாம். வெப்சைட் தொடங்கும் முன்பே ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

அடுத்து, 2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள். ஆன்லைனில் தொடர்ச்சியாக வியாபாரம் செய்பவர் தன் பெயர், முகவரி, தொடர்பு விவரம், ரிட்டர்ன் நிபந்தனை ஆகியவற்றை வெப்சைட்டில் தெளிவாகப் போட வேண்டும். குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதை உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சின்னக் கடையில் முதலாளியே அந்தப் பொறுப்பைப் பார்க்கலாம். ஆனால் அந்த வேலைக்கு நேரம் ஒதுக்கத்தான் வேண்டும்.

வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர், முகவரி போன்றவற்றைச் சேமிப்பவர்களுக்கு 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தேவையில்லாத தகவலைக் கேட்காமல், சேமிக்காமல் இருப்பதுதான் இதில் குறைந்த செலவுள்ள வழி.

சில பொருட்களுக்கு ஆன்லைனில் கதவே மூடியிருக்கும். பட்டாசை இ-காமர்ஸ் வெப்சைட்டுகளில் விற்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தது. யாராவது "பட்டாசு வெப்சைட் பண்ணித் தர்றேன்" என்று வந்தால், பணத்தைக் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டியது வாடிக்கையாளர்தான்.

பில்லில் வராத செலவு: ஆள்

வெப்சைட் தொடங்கும் பலர் கணக்கில் சேர்க்காத செலவு, சொந்த நேரம். புதுச் சரக்கு வந்தால் படம் எடுக்க வேண்டும். விலை மாறினால் மாற்ற வேண்டும். தீர்ந்த பொருளை எடுக்க வேண்டும். ராத்திரி 11 மணிக்கு "கலர் இதேதானா அக்கா?" என்று வரும் மெசேஜுக்குப் பதில் போட வேண்டும்.

தினமும் ஒரு மணி நேரம் என்றால்கூட வருஷத்துக்கு 365 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் 45 நாளைத் தாண்டுகிறது. வீட்டில் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டால், அந்த உழைப்புக்குச் சம்பளம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது.

இந்த ஆள் இல்லாத வெப்சைட், ஷட்டர் திறந்து கிடக்கும் ஆளில்லாத கடை. 2 வருஷத்துக்கு முந்தைய விலையும், எடுக்காத போன் நம்பரும் இருந்தால் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை போகும். அப்படிப்பட்ட வெப்சைட் இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல்.

அப்படின்னா வெப்சைட்டே வேண்டாமா?

எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. தெருவிலும் ஊரிலும் மட்டும் வாடிக்கையாளர் உள்ள டிபன் கடை, சலூன், மெக்கானிக் ஷெட்டுக்கு கூகுள் பிசினஸ் புரொஃபைலும் வாட்ஸ்அப் பிசினஸும் போதும். இரண்டையும் இலவசமாகத் தொடங்கலாம். மேப்பில் சரியான இடமும் திறக்கும் நேரமும் போன் நம்பரும் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

வாரத்துக்கு ஒன்றிரண்டு ஆர்டர் வரும் நிலையில் இருப்பவர், பெரிய ஆன்லைன் சந்தைகளில் விற்றுப் பார்க்கலாம். கமிஷன் போகும், ஆனால் விற்றால்தான் கமிஷன். வருஷச் செலவு இல்லை. குறை என்னவென்றால், அங்கே வாடிக்கையாளர் சந்தையின் வாடிக்கையாளர். கணக்கை முடக்கினால் கேட்க வழி குறைவு. இன்ஸ்டாகிராமில் மட்டும் கடை நடத்துபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

வெளியூர், வெளிநாட்டு வாடிக்கையாளர் உள்ளவர்களுக்கும், ஏற்றுமதியாளர்களுக்கும் சொந்த வெப்சைட்டும் சொந்தப் பெயரில் மெயிலும் தேவை. அவர்களுக்கும்கூட முதல் நாளே ஆன்லைனில் பணம் கட்டும் வசதி தேவையில்லை. பொருள், விலை, முகவரி, வாட்ஸ்அப் பட்டன் உள்ள நாலு பக்க வெப்சைட்டில் தொடங்கி, ஆர்டர் கூடியதும் விரிவாக்கலாம்.

எந்த வகையில் இருந்தாலும் ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். வெப்சைட் இப்போது இல்லாவிட்டாலும், கடையின் பெயரில் டொமைனை மட்டும் தன் கணக்கில் பதிவு செய்து வைத்துக்கொள்வது நல்லது. வருஷத்துக்கு அதற்கு ஆகும் செலவு, ஒரு தடவை குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போய் வரும் பில் அளவுதான்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. டொமைன் யார் பெயரில், எந்த மெயிலில் பதிவாகும்? பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும்?

2. இரண்டாவது வருஷம் டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் ஜிஎஸ்டி சேர்த்து எவ்வளவு?

3. பேக்கப் எத்தனை நாளுக்கு ஒருமுறை? எந்த இடத்தில் இருக்கும்? நகல் கேட்டால் தருவீர்களா?

4. எஸ்எஸ்எல் தானாகப் புதுப்பிக்கப்படுமா?

5. கட்டண பிளகின்கள் எவை? அவற்றின் லைசென்ஸ் யார் பெயரில்?

6. பராமரிப்புக் கட்டணத்தில் என்னென்ன அடக்கம்? எதற்குத் தனிக் காசு?

7. நாளைக்கு வேறு டெவலப்பரிடம் போக நினைத்தால், முழு வெப்சைட்டையும் ஒப்படைப்பீர்களா? அதற்குக் கட்டணம் உண்டா?

இந்த ஏழுக்கும் பதிலை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நேர்மையாக வேலை செய்யும் டெவலப்பருக்கு இதில் எந்தத் தயக்கமும் இருக்காது. அவர் 15,000 ரூபாய் கேட்டாலும், ஏழாவது கேள்விக்கு முகம் சுளிக்கும் 4,999 ரூபாய் ஆளைவிட மலிவாக முடியலாம்.

ஏற்கெனவே வெப்சைட் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. டொமைன் கணக்கில் உள்ளே நுழைந்து, யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்து, அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பாக போனில் அலாரம் வைத்துக்கொள்வது. உள்ளே நுழைய பாஸ்வேர்டே கையில் இல்லை என்றால், அதுதான் முதலில் சரிசெய்ய வேண்டிய வேலை.